காயத்துக்கு வயது சொல்ல முடியுமா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ஒரு காயம் உயிரோடு இருக்கும்போது பட்டதா, உயிர் போன பிறகு பட்டதா என்பதைப் பிரேதப் பரிசோதனையில் எப்படிப் பார்க்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் உள்ள நம் கரைக்காரர்கள் எழுதியவை. சில கடிதங்களைப் படித்த பிறகு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. யார் பெயரையும் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவருக்கு அதுவும் இல்லை.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி: என் தாய்மாமா நாட்டுப்படகில் போனவர். தவறி விழுந்துவிட்டார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் உடல் ஒதுங்கியது. உதடு இல்லை, ஒரு காது மடல் இல்லை, கண் இமை இல்லை. நெற்றியிலும் முட்டியிலும் தோல் உரிந்திருந்தது. அடித்துக் கடலில் போட்டுவிட்டார்கள் என்று ஊரே பேசுகிறது. ரிப்போர்ட்டில் 'இறந்த பின் கடல் உயிரினங்களால் ஏற்பட்டவை' என்று இருக்கிறது. நம்புவதா?

அந்தக் கோலத்தில் பார்த்த யாருக்கும் அந்த நினைப்புதான் வரும் அம்மா. இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையில் பிரேதப் பரிசோதனை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் எழுதியிருக்கும் உதடு, காது மடல், இமை எல்லாமே மீனும் நண்டும் முதலில் வாய் வைக்கும் இடங்கள். தோல் மெல்லியதாக, சதை மிருதுவாக, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைத்தான் அவை முதலில் தின்னும். மூக்கு நுனியும் விரல் நுனியும் இதே கணக்கில் வரும். ஓரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும்: கத்தி பட்டது போல நேராக இருக்காது, அப்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே போனால் ஓரம் எப்படி வளைவு வளைவாக நிற்குமோ அப்படி இருக்கும், உள்ளே தெரிகிற சதை வெளிறிப்போய், கழுவி வைத்த மீன் துண்டு மாதிரி இருக்கும். வீக்கமோ சுற்றிலும் சிவப்போ இருக்காது.

நெற்றிக்கும் முட்டிக்கும் வருகிறேன். நீரில் மாண்டவர் உடல் பெரும்பாலும் குப்புறத்தான் மிதக்கும், தலையும் கைகால்களும் கீழே தொங்கும். அலை தள்ளத் தள்ள நெற்றி, புறங்கை, முட்டி, கால்விரலின் மேல்பக்கம் எல்லாம் மணலிலும் பாரிலும் (கடலடிப் பாறையிலும்) உரசிக்கொண்டே வரும். தென்கடலில் பவளப்பார் எவ்வளவு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ரிப்போர்ட்டை அப்படியே நம்பிவிடலாமா என்றால், அங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காயத்தைச் சுற்றி இரத்தக்கசிவு இல்லாவிட்டால் இறந்த பிறகு பட்டது என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறோம். தரையில் கிடந்த உடலுக்கு இது ஓரளவு சரி. கடலில் மூன்று நாள் கிடந்த உடலுக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் திறந்த காயத்தில் இருக்கும் இரத்தத்தைத் தண்ணீர் ஊறவைத்துக் கழுவிக் கொண்டு போய்விடும், உயிரோடு இருக்கும்போது ஆழமாக வெட்டுப்பட்டிருந்தாலும் மேசைக்கு வரும்போது அது வெளிறித்தான் இருக்கும். அதனால் காயத்தின் வாயை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, அதற்கு அடியில் பார்க்க வேண்டும். தலைத்தோலைத் திருப்பி உள்பக்கம் பார்க்க வேண்டும், கழுத்தைப் படலம் படலமாகப் பிரிக்க வேண்டும், முதுகிலும் மணிக்கட்டிலும் கீறிப் பார்க்க வேண்டும். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் இரத்தம் அழுத்தத்தோடு சதை நாருக்கு நடுவே போய் உறைந்துவிடும். அதைக் குழாயடியில் பிடித்துக் கழுவினாலும் போகாது. மூடிய தோலுக்கு அடியில் இருப்பதால் கடல் நீரும் அதை அவ்வளவு சுலபத்தில் எடுத்துவிடாது.

உடல் அழுக ஆரம்பித்திருந்தால் இதுவும் குழம்பும், ஏனென்றால் அழுகும்போது இரத்தம் சிதைந்து எல்லா இடத்திலும் கசிந்து, அடிபட்ட இடமும் படாத இடமும் ஒரே நிறமாகிவிடும். நம் வெயில் கடலில் இது ஒன்றிரண்டு நாளிலேயே தொடங்கிவிடும். அப்போதுதான் சந்தேகமான இடத்திலிருந்து ஒரு துண்டு, அதே உடலில் காயமே இல்லாத இடத்திலிருந்து இன்னொரு துண்டு, இரண்டையும் எடுத்து ஃபார்மலினில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சிவப்பணுவின் உறையில் கிளைக்கோஃபோரின் ஏ என்று ஒரு புரதம் இருக்கிறது. அணு உடைந்து உருத்தெரியாமல் போன பிறகும் இந்தப் புரதம் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அதற்கென்று உள்ள சாயம் போட்டால் இங்கே இரத்தம் கசிந்திருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். அழுகிய உடல்களுக்கும் தண்ணீரில் கிடந்த உடல்களுக்கும் உலகத்தில் பல இடங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் பக்கம் வழக்கமாகச் செய்வதில்லை. செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

நீங்கள் மனுக் கொடுத்து ரிப்போர்ட் நகலை வாங்கிப் பாருங்கள். தலைத்தோலின் உள்பக்கம், கழுத்துத் தசை, விலா இதையெல்லாம் திறந்து பார்த்து அங்கே இரத்தக்கட்டு இல்லை என்று தனித்தனியாக எழுதியிருந்தால் அந்த டாக்டர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். நீங்கள் சொன்ன இடங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 'இறந்த பின்' என்ற அந்த வரி சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது காயத்தைப் பற்றிய வரி மட்டும். மாமா தவறி விழுந்தாரா, தள்ளிவிட்டார்களா என்பதைக் கடலில் கிடந்த உடல் பெரும்பாலும் சொல்லாது. அது கூடப் போனவர்களை விசாரித்துத்தான் தெரிய வேண்டும், அந்தக் கேள்வியை நீங்கள் போலீஸிடம் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்: கன்றிப்போன காயத்தின் நிறத்தை வைத்து அது எத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடலாம் என்று வக்கீல் நண்பர் சொல்கிறார். சிவப்பு, நீலம், பழுப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். உண்மையா?

பட்டியல் உண்மை, அதில் போட்டிருக்கும் நாள் கணக்கை நம்ப முடியாது. தோலுக்கு அடியில் கசிந்த இரத்தத்தை உடம்பு உடைத்து அப்புறப்படுத்துகிறது. அப்படி உடையும்போது வருகிற பொருள்கள்தான் அந்த நிறங்கள். பச்சைக்குப் பிலிவெர்டின், மஞ்சளுக்குப் பிலிருபின், பழுப்புக்கு இரும்புச்சத்து சேர்ந்த ஹீமோசிடெரின். மஞ்சள் காமாலையில் கண்ணில் தெரிகிற அதே பிலிருபின்தான். நம் பாடப்புத்தகங்களில் நீலம் 3 நாள் வரை, பழுப்பு 4-ஆம் நாள், பச்சை 5, 6-ஆம் நாள், மஞ்சள் 7 முதல் 12 நாள், இரண்டு வாரத்தில் பழைய தோல் என்று போட்டிருக்கும். பரீட்சைக்கு எழுதலாம். ஆனால் ஒரே அடியில் வந்த ஒரே காயத்தில் ஒரு ஓரம் நீலமாகவும் இன்னொரு ஓரம் மஞ்சளாகவும் இருப்பதை யார் வீட்டிலும் பார்க்கலாம். வயதானவருக்கு மெதுவாக மாறும், குழந்தைக்குச் சீக்கிரம் மாறும், முகத்தில் ஒரு வேகம் காலில் ஒரு வேகம். வெயிலில் கறுத்த தோலில் மஞ்சள் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, நம் கரையில் பெரும்பாலானவர்கள் தோல் அப்படித்தான்.

1991-இல் லாங்லுவா, கிரெஷம் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தில் நிறைய பேருடைய கன்றிய காயங்களைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான் என்றார்கள்: மஞ்சள் தெரிந்தால் அடி பட்டு 18 மணி நேரமாவது ஆகியிருக்கும். மஞ்சள் இல்லை என்பதால் புதுக் காயம் என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகு குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளை 2005-இல் தொகுத்துப் பார்த்தவர்களும், நிறத்தை மட்டும் பார்த்து வயது சொல்வது சரிவராது என்றே முடித்தார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியில் இரத்தம் கட்டினால் இந்தப் பட்டியல் இன்னும் உதவாது. அங்கே காற்றிலிருந்து ஆக்ஸிஜன் கிடைத்துக்கொண்டே இருப்பதால் நீலம், பச்சை எதுவும் வராது, கடைசி வரை சிவப்பாகவே இருந்து மஞ்சளாகி மறையும்.

என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரைத் தொடைக் காயத்தோடு கூட்டி வந்தார்கள். நீலமும் சிவப்புமாகப் பளிச்சென்று இருந்தது. 'ஒரு நாளுக்கு உட்பட்டது' என்று எழுதிவிட்டேன். அடி விழுந்தது நான்கு நாளுக்கு முன்னால். தொடை மாதிரி சதைப்பற்றான இடத்தில் ஆழத்தில் கசிந்த இரத்தம் தோல் வரைக்கும் ஏறி வரவே ஒன்றிரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்பதை நான் அந்த நேரம் யோசிக்கவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு, காயம் வேறு நாளில் பட்டது என்று வாதாடினார்கள், பெரியவர் சொன்னது பொய் என்றாகிவிட்டது. கோர்ட்டு வாசலில் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் நாள் கணக்கைத் தனியாக எழுதியதே இல்லை. நிறம், அளவு, தொட்டால் வலி உண்டா, வீக்கம் உண்டா எல்லாவற்றையும் எழுதிவிட்டு, 'சொல்லப்படும் காலத்தோடு பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை, ஏனெனில்' என்று எழுதப் பழகிக்கொண்டேன்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்: செத்த உடம்பில் அடித்தால் கன்றுமா?

கொஞ்சம் கன்றும். ஆனால் நிறைய வேகமாக அடிக்க வேண்டும், வருகிற கன்றலும் சின்னதாக இருக்கும். இதைச் சோதித்துப் பார்த்தவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன். பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் ஆட்களைக் கொன்று உடலை மருத்துவப் பள்ளிக்கு விற்ற வழக்கு 1828-இல் வெளியே வந்தபோது, கடைசியாகக் கொல்லப்பட்ட பெண்ணின் உடலில் இருந்த காயங்கள் உயிரோடு இருக்கும்போது பட்டவையா, பெட்டியில் திணித்தபோது வந்தவையா என்ற கேள்வி வந்தது. அதற்காக அவர் இறந்த உடல்களில் அடித்துப் பார்த்தார். இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் அதே கேள்வியில்தான் நிற்கிறோம்.

நீங்கள் இன்னொன்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இறந்த பிறகு இரத்தம் உடம்பில் தாழ்வான பக்கம் இறங்கித் தேங்கி நீலம் பாரிக்கும். மல்லாக்கக் கிடத்தினால் முதுகு முழுக்க நீலமாகத் தெரியும். குளிப்பாட்டும்போது அதைப் பார்த்துவிட்டு அடித்திருக்கிறார்கள் என்று அலறுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கீறிப் பார்த்தால் தேங்கிய இரத்தம் குழாய்க்குள் இருக்கும், வழிந்துவிடும், துடைத்தால் சதை சுத்தமாகிவிடும். அடிபட்ட இரத்தம் துடைத்தால் போகாது.

இராமநாதபுரத்திலிருந்து மருத்துவம் படிக்கும் ஒரு மாணவி: சாவுக்குச் சில நிமிடம் முன்பு பட்ட காயத்தையும் சில நிமிடம் பின்பு பட்ட காயத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பிரிக்க முடியுமா? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டார்கள், 'முடியும்' என்றேன், திட்டினார்கள்.

திட்டியவர் சரியான ஆள், அவரிடம் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். தோலில் காயம் பட்டதும் வெள்ளணுக்கள் முதலில் இரத்தக்குழாயின் சுவரை ஒட்டி வரிசை கட்டும், அப்புறம் சுவரைத் தாண்டி வெளியே வரும். அவற்றில் முதலில் வரும் வகையான நியூட்ரோஃபில்கள் மிகச் சீக்கிரம் வந்தாலே 20, 30 நிமிடம் ஆகும், தெளிவாகக் கூட்டமாகத் தெரிவதற்குச் சில மணி நேரம் வேண்டும். அதன் பின்னால் சிதைந்ததை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து ஒன்றிரண்டு நாளில் பெரும்பான்மை ஆகிவிடும். மூன்றாம் நாள் வாக்கில் நார் நெய்யும் செல்களும் புது நுண்குழாய்களும் தெரியும், இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் போட்டால் ஹீமோசிடெரின் நீல நீலமாகத் தெரிவதும் சுமார் அந்த நேரத்திலிருந்துதான். ஆக மணிக் கணக்கிலும் நாள் கணக்கிலும் மைக்ரோஸ்கோப் பேசும். நிமிடக் கணக்கில் வழக்கமான ஹெமட்டாக்ஸிலின் இயோசின் சாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1960-களில் ஃபின்லாந்தின் ஆய்வாளர் ரேகால்லியோ நொதிகளை எடுத்துக்கொண்டார். காயத்தின் ஓரத்தில் ஏடிபேஸும் எஸ்டரேஸும் சுமார் 1 மணி நேரத்தில், அமினோபெப்டிடேஸ் 2 மணியில், அமில ஃபாஸ்ஃபடேஸ் 4 மணியில், காரஃபாஸ்ஃபடேஸ் 8 மணியில் கூடுகின்றன என்று காட்டினார். ஹிஸ்டமின், செரோடோனின் அளவை வைத்து இன்னும் முன்னால், 10 நிமிடம், 20 நிமிடம் வரைக்கும் போகலாம் என்றவர்கள் உண்டு. ஃபைப்ரோனெக்டின், செலக்டின், சைட்டோகைன் என்று புரதங்களின் பட்டியல் இப்போது நீண்டுவிட்டது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மனிதர் இறந்ததும் அவருடைய தோல் செல் எல்லாம் அதே நொடியில் இறப்பதில்லை, கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதனால் இறந்து சில நிமிடத்தில் பட்ட காயமும் உயிரோடு பட்ட காயம் மாதிரி லேசாக எதிர்வினை காட்டலாம். இன்னொரு பக்கம், அடி விழுந்த உடனே உயிர் போய்விட்டால் உயிரோடு பட்ட காயத்திலும் எதிர்வினை எதுவும் இருக்காது. எதிர்வினை இல்லை என்பதைப் பார்த்து 'இறந்த பிறகு பட்டது' என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த வைவாவில் இதைச் சொல்லுங்கள்.

ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவர்: என் தம்பியை விசாரணைக்கு என்று கூட்டிப் போனார்கள். ஐந்தாம் நாள் விட்டார்கள். முழங்கை, முதுகில் சிராய்ப்பு. 'அவன் முன்னாடியே விழுந்த காயம்' என்கிறார்கள். டாக்டர் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியும், சிராய்ப்பு விஷயத்தில் கண்ணே ஓரளவு போதும். பட்டவுடன் ஈரச் சிவப்பு. அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் நீரும் இரத்தமும் காய்ந்து சிவந்த பக்கு கட்டும். இரண்டு மூன்று நாளில் பக்கு செம்பழுப்பாகும். நாலிலிருந்து ஏழு நாளுக்குள் கரும்பழுப்பாகி, அடியில் புதுத் தோல் ஓரத்திலிருந்து வளர ஆரம்பிக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகு ஓரம் தூக்கி உதிர்ந்து, வெளிறிய இடம் மட்டும் தெரியும். துல்லியமான நேரம் யாராலும் சொல்ல முடியாது, உங்களுக்கு அது தேவையும் இல்லை. கேள்வி என்ன? அந்த ஐந்து நாளைக்கு உள்ளே பட்டதா, அதற்கு முன்னால் பட்டதா? வெளியே வந்த அன்று பக்கு சிவப்பாக இருந்திருந்தால் 'முன்னாடியே விழுந்தது' நிற்காது. ஆனால் பத்து நாள் கழித்துப் போனால் இரண்டு பேர் சொல்வதும் ஒன்று போலத்தான் தெரியும், அதனால் இதைப் படிக்கிற அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்து, காயப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வந்ததுமே இதை உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

கைது செய்தால் உடனே மருத்துவ அலுவலர் பார்த்து, உடம்பில் உள்ள காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய உத்தேச நேரத்தையும் எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 54-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 53. அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்கிற ஆளுக்கோ கொடுக்க வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. முறையாகக் கைதே காட்டவில்லை என்றால் இந்தத் தாள் எதுவும் இருக்காது, அப்போது ஏ.ஆர். ஒன்றுதான் முதல் பதிவு. கொண்டுபோன நாள், விட்ட நாள் இரண்டையும் டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: வரப்புத் தகராறில் எதிராளி சேங்கொட்டையைத் தேய்த்துக் காயம் காட்டிக் கேஸ் போட்டிருக்கிறான் என்கிறார்கள். அப்படி நடக்குமா?

பழைய காலத்திலிருந்து நடக்கிறது. துணியில் சலவைக்குறி போட உதவும் அதே சேராங்கொட்டை எண்ணெய்தான், தோலில் பட்டால் வெந்து கறுத்த கறை கட்டும், தூரத்திலிருந்து பார்த்தால் கன்றிய காயம் மாதிரியே இருக்கும். எருக்கம்பால், கொடிவேலி வேர் இவற்றையும் இதற்குப் பயன்படுத்துவார்கள். கிட்டப் பார்த்தால் வித்தியாசம் வந்துவிடும்: ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கும், மேலே சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் இருக்கும், வலியை விட அரிப்பு அதிகம் இருக்கும், சொறிந்த விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் அதே கறை பிடித்திருக்கும். நிஜக் கன்றலில் கொப்புளமும் அரிப்பும் இருக்காது, நாளாக ஆக நிறம் மாறும். ஆனால் 'என்கிறார்கள்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஊர் சொல்வதை வைத்து அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள், காயச் சான்றிதழில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று வக்கீல் மூலம் பாருங்கள்.

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். வீட்டுக்காரர் அடிக்கிறார். ஒருதடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையைப் பார்த்துவிட்டு 'கல்லு கீறுனதுதானம்மா' என்று மருந்து போட்டு அனுப்பிவிட்டார்கள். கல்லு கீறியது எது, அவர் அடித்தது எது என்று டாக்டருக்குத் தெரியாதா?

தெரியும் தங்கச்சி. கேட்டுப் பார்க்கப் பொறுமை வேண்டும், உங்களுக்கு அது கிடைக்காமல் போனதற்கு வருத்தப்படுகிறேன்.

பாசி எடுக்கும் பெண்கள் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கினாலும் கல் கீறத்தான் செய்கிறது. ஒரே கையில் இன்றைக்குப் பட்டது, போன வாரம் பட்டது, ஆறி வெளிறியது எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விரல் நுனி, உள்ளங்கை ஓரம், முட்டி, கணுக்கால், இதுதான் கல் கீறும் இடம். சின்னச் சின்னதாக, தாறுமாறாக, உள்ளே பொடிக்கல் ஏறி, சுற்றிலும் சிவந்து, ஆற வேண்டிய நாளில் ஆறாமல் இருக்கும். உப்புத் தண்ணீரில் தினமும் ஊறுவதால் பக்கும் நிற்காது. இந்த மாதிரிக் காயத்தை மட்டும் பார்த்து வயது சொல்லப் போனால் எந்த டாக்டரும் ஏமாந்துவிடுவார்.

அடி விழும் இடம் வேறு. மேல்கையின் உள்பக்கம், முதுகு, காதுக்குப் பின்னால், தொடை, கழுத்து: இங்கெல்லாம் கல் கீறாது. மேல்கையைப் பிடித்து இழுத்திருந்தால் ஒரு பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்றும், எதிர்ப்பக்கம் மூன்று நான்கு வட்டமாகவும் கன்றியிருக்கும். கம்பால் அடித்திருந்தால் நடுவில் வெளிறி இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இணையான கோடு விழும். ஒரே முதுகில் மஞ்சளும் நீலமும் வெவ்வேறு இடத்தில் இருந்தால், ஒருதடவை விழுந்த கதை பொருந்தாது, பலதடவை நடந்திருக்கிறது என்று நான் எழுதுவேன். மேலே நிறத்தைக் குறை சொல்லிவிட்டு இங்கே நானே அதை எடுப்பது முரண் மாதிரித் தெரியலாம். ஒரு காயத்தின் நாளைச் சொல்ல நிறம் போதாது. பல காயமும் ஒரே நேரத்தில் பட்டவைதானா என்ற சந்தேகத்தை எழுப்ப, இடத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, அது உதவும்.

அடுத்த முறை நடந்தால், நடக்கக் கூடாது, நடந்தால் அன்றைக்கே போங்கள். வாயைத் திறந்து 'வீட்டுக்காரர் அடித்தார்' என்று சொல்லுங்கள், ஏ.ஆர். புத்தகத்தில் நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். கையை மட்டும் காட்டாமல் முதுகையும் காட்டுங்கள், பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள், இரண்டு நாள் கழித்து அதே இடத்தை இன்னொரு படம், ஏனென்றால் ஆழத்தில் கட்டிய இரத்தம் அப்போதுதான் மேலே வரும். படத்தை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, கிரிமினல் கேஸ் போடாமலேயே வீட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும். நீங்கள் எழுதிய கடிதத்தில் தேதி இருக்கிறது, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு வாசகர்: அப்பா கடலில் போய் ஆறு நாள் கழித்துக் கிடைத்தார். முகம் தெரியவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே சின்ன வயதில் திருக்கை முள் குத்திய தழும்பு இருந்தது, அதை வைத்துத்தான் அம்மா அடையாளம் சொன்னார். தோலே உரிந்துபோயிருந்ததே, தழும்பு எப்படி நின்றது? அம்மாவுக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை.

உரிந்தது மேல்தோல். நீரில் ஊறினால் அது கையுறை மாதிரி கழன்று வந்துவிடும். தழும்பு இருப்பது அதற்கு அடியில், உள்தோலில். காயம் ஆறும்போது உடம்பு அங்கே நெய்கிற நார், சுற்றியுள்ள தோலின் நாரைப் போல வலைப்பின்னலாக இல்லாமல் கெட்டியாக ஒரே பக்கம் ஓடும், வேர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் அதில் இருக்காது. முதல் இரண்டு வாரம் சிவந்து தொட்டால் வலிக்கும், சில மாதத்தில் வெளிறி இறுகும், அதற்குப் பிறகு நாற்பது வருஷமானாலும் ஆள் இருக்கும் வரை இருக்கும். மேல்தோல் கழன்ற பிறகு பச்சை குத்தியதும் தழும்பும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மா பார்த்தது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அங்க அடையாளங்கள் என்று ஒரு இடம் இருக்கும். அதில் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, இத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். டி.என்.ஏ. சோதனைக்குப் பல்லோ எலும்போ எடுத்து வைத்திருந்தால் உங்கள் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி ஸ்டேஷனில் மனுக் கொடுக்கலாம். அம்மா கேட்டால் மட்டும் செய்யுங்கள்.